வீட்டுக்குள் ஒரு வானலை வலை

II பி.எஸ்ஸி., இயற்பியல்

எங்கள் வீட்டில் இரண்டு கணிப்பொறிகள் உள்ளன. இரண்டுமே பழையவை. ஒன்று, என் அக்கா பிளஸ் டூ படித்தபோது 2016ஆம் ஆண்டில் தமிழக அரசு விலையின்றி வழங்கிய மடிக்கணிப்பொறி. அதன் பேட்டரி செத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. சார்ஜர் கம்பியைப் பிடுங்கினால் அந்த நொடியே கண்ணை மூடிவிடும். மற்றொன்று, எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த பிரௌசிங் சென்டரை மூடியபோது 3,500 ரூபாய்க்கு நான் வாங்கி வந்த மேசைக் கணிப்பொறி. இவ்விரண்டும் இன்று கம்பி எதுவுமின்றி ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. இரண்டிலும் இயங்குவது லினக்ஸ்.

இதைச் செய்து முடிக்க எனக்குப் பதினெட்டு நாட்கள் ஆயின. விவரம் தெரிந்தவருக்கு ஒரு மாலைப் பொழுது போதும். ஆய்வகத்தில் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது எங்கள் துறைப் பேராசிரியர் கேட்டுவிட்டு, "கற்றுக்கொண்டதை ஆண்டு மலருக்கு எழுது" என்றார். "கெடுத்ததும் உண்டு, ஐயா" என்றேன். "அதை முதலில் எழுது" என்றார். ஆகவே கெடுத்ததிலிருந்து தொடங்குகிறேன்.

என் அக்கா 1,200க்கு 1,012 மதிப்பெண் பெற்றவர். அவ்வாண்டில் அப்பா வேலை பார்த்த விசைத்தறிக் கூடம் மூடிக் கிடந்தது, வட்டி ஏறிக்கொண்டிருந்தது. அக்கா நூற்பாலைக்குப் போனார். பின்னர் நான் கல்லூரிக்கு வந்தேன். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான்தான் என்று வட்டாட்சியர் அலுவலகச் சான்றிதழ் சொல்கிறது. அந்த வரிசையில் எனக்கு முன்னால் ஒருவர் நின்றிருக்க வேண்டும் என்பது சான்றிதழில் இல்லை. அக்கா இன்றும் ஆலைக்குத்தான் போகிறார். எங்கள் தெருவிலேயே வாழ்க்கைப்பட்டிருப்பதால் குழந்தையை எங்கள் வீட்டில் விட்டுவிட்டு ஷிப்டுக்குப் போவார். முடிந்து வந்ததும் இரவு ஒன்பதரை, பத்து வரை எங்கள் வீட்டிலிருந்தே குரூப் நான்கு தேர்வுக்குப் படிப்பார். இரண்டு ஆண்டுகளாகத் தம் மடிக்கணிப்பொறியில் தமிழில் தட்டச்சு செய்து வைத்த குறிப்புகள் 140 பக்கம்.

அந்தக் கணிப்பொறி மிகவும் தளர்ந்துவிட்டது. திறந்தால் விண்டோஸ் வந்து நிற்பதற்குள் அடுப்பில் உலை கொதித்துவிடும். அதில் விண்டோசுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது; சென்னை சி-டாக் மையத்தார் டெபியன் என்னும் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய இந்திய இயங்குதளம் அது. நாங்கள் அதை ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை. அனைத்தையும் அழித்துவிட்டுப் புதிதாக டெபியனையே ஏற்றினால் வேகம் கிடைக்கும் என்று அக்காவிடம் சொன்னேன். "என்னவோ பண்ணு. என்ற நோட்ஸ் மட்டும் பத்திரம்டா தம்பி" என்றார். திரையில் 'நோட்ஸ்' என்று பெயரிட்டிருந்த படத்தைப் பென்டிரைவுக்கு நகல் எடுத்தேன். ஒரு நொடியில் முடிந்துவிட்டது. இவ்வளவு விரைவாக முடிந்ததே என்று மகிழ்ந்தேன்! அப்போதே ஐயம் வந்திருக்க வேண்டாமா?

நான் நகல் எடுத்தது குறிப்புகளையன்று. குறிப்புகள் இருக்கும் இடத்தைச் சுட்டும் குறுக்குவழியை. ஷார்ட்கட் என்பார்கள். வீட்டைக் காலி செய்யும்போது நகைகளை எடுத்துச் செல்லாமல், நகை இருக்கும் பெட்டியின் பெயரை ஒரு சீட்டில் எழுதி எடுத்துச் சென்றது போல. அதன் அளவு ஒரு கிலோபைட் அல்லது இரண்டு. பழைய வட்டை அழித்து, டெபியனை ஏற்றி, பென்டிரைவைச் செருகிப் பார்த்தபோதுதான் சீட்டு மட்டும் இருந்தது.

வட்டில் அழித்தாலும் எழுத்துகள் உடனே மறைந்துவிடுவதில்லை. அவற்றின் மேல் வேறொன்றை எழுதும்வரை அங்கேயே கிடக்கும். ஃபோட்டோரெக் என்றொரு இலவச நிரல் உண்டு. அது வட்டை முதலிலிருந்து கடைசி வரை துழாவி, கோப்பு போலத் தோன்றும் எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டும். பெயர்கள் மட்டும் வாரா. பெயரற்ற 2,000க்கு மேற்பட்ட கோப்புகளில் இரண்டு இரவுகள் தேடினேன். அறுபது பக்கம் கிடைத்தது. எஞ்சியவற்றின் மேல் நானே லினக்ஸை எழுதிவிட்டிருந்தேன். அக்காவிடம் சொன்னபோது அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் இந்த வலை வேலையை அன்றே விட்டிருப்பேன் என்று நினைக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருவோம். லினக்ஸ் என்பது கணிப்பொறியின் வன்பொருளுக்கும் நாம் பயன்படுத்தும் நிரல்களுக்கும் இடையே நின்று ஆளும் கருவகம். 1991ஆம் ஆண்டில் ஃபின்லாந்து நாட்டில் ஹெல்சின்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவர் தம் 21ஆம் வயதில் அதை எழுதி, எவரும் படிக்கலாம், திருத்தலாம் என்று வெளியிட்டார். அதைச் சுற்றி வேண்டிய நிரல்களைச் சேர்த்துக் கட்டித் தருபவை டெபியன் போன்ற தொகுப்புகள். டெபியனைத் தொடங்கிய இயன் மர்டாக்கும் 1993இல் மாணவரே. விலை கிடையாது, உரிமத்துக்குப் பணம் கட்ட வேண்டுவதில்லை, நிறுவும்போதே தமிழைத் தேர்ந்தெடுத்துக் கொள்ளலாம். பழைய பொறியில் இதை ஏற்றுவோர் கனமான முகப்பைத் தவிர்த்து, எக்ஸ்எஃப்சிஇ அல்லது எல்எக்ஸ்க்யூடி போன்ற மெலிந்த முகப்பைத் தேர்ந்தெடுப்பது நலம். எங்கள் மேசைக் கணிப்பொறியின் நினைவகம் இரண்டு ஜிகாபைட்தான். ஓடுகிறது.

அடுத்தது வலை. கேபிள் டிவிக்காரர் மாதம் 400 ரூபாய்க்கு ஒளியிழை இணைப்புக் கொடுத்தார். பெட்டிக்கு முன்பணம் 1,000. அப்பா, "கம்பியே இல்லாம எப்படிடா உள்ளாற வரும்?" என்று கேட்டார். வீட்டுவரை ஒளியிழையில் ஒளியாக வருவதை அப்பெட்டி வானலையாக மாற்றி வீசுகிறது என்றேன். அவர் தலையாட்டினார், ஆனால் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

நம் வகுப்பில் மின்காந்த அலைகளைப் படித்தவர்களுக்கு இதில் அதிசயமில்லை. ஹெர்ட்ஸ் 1880களின் பிற்பகுதியில் மேசை மேல் செய்து காட்டியதும், ஜகதீச சந்திர போஸ் 1890களில் கல்கத்தாவில் மில்லிமீட்டர் அலைகளைச் சுவரைக் கடந்து அனுப்பி மணியடிக்கச் செய்ததும் இதே வகை அலைகளைக் கொண்டுதான். வைஃபை பெரும்பாலும் பயன்படுத்தும் அதிர்வெண் 2.4 கிகாஹெர்ட்ஸ். ஒளியின் வேகத்தை இதனால் வகுத்தால் அலைநீளம் 12.5 சென்டிமீட்டர் என்று வரும். ஏறக்குறைய ஒரு சாண் நீளத்தில் பாதிக்குச் சற்று அதிகம். இந்த அலைவரிசையில் குறைந்த ஆற்றலுடைய கருவிகளை இயக்க இந்தியாவில் 2005ஆம் ஆண்டு முதல் உரிமம் தேவையில்லை. அதனால்தான் யாரும் ஒரு பெட்டியை வாங்கி வீட்டில் மாட்ட முடிகிறது. உரிமம் தேவையில்லாத இடத்தில் கூட்டம் சேரும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதைப் பின்னால் பார்ப்போம்.

பெட்டியை மாட்ட வந்த பையன் முன்வாசலை ஒட்டி, மின்மீட்டர் பலகைக்குப் பக்கத்தில் ஆணியடித்துவிட்டுப் போனான். வாசலில் நின்றால் இணையம் பறக்கிறது. கணிப்பொறிகள் இருக்கும் பின்னறையில் உயிரே இல்லை. இடையில் இருப்பது ஒரு சுவரும் அம்மாவின் கல்யாணச் சீராக வந்த இரும்புப் பீரோவும். சுவரை வானலை ஓரளவு கடந்துவிடும். உலோகத்தைக் கடக்காது; எதிரொளித்துத் திரும்பிவிடும். பீரோ முழுக்க முழுக்க இரும்பு. அதன் நிழலில் கணிப்பொறி உட்கார்ந்திருந்தது.

இதை ஊகமாகச் சொல்லவில்லை, அளந்தேன். லினக்ஸில் 'ஐடபிள்யூ' என்னும் கட்டளை, வந்து சேரும் அலையின் வலிமையைக் காட்டும். அலகு டிபிஎம். ஒரு மில்லிவாட் ஆற்றலைச் சுழியாகக் கொண்டு, பத்து குறைந்தால் ஆற்றல் பத்தில் ஒன்று, மூன்று குறைந்தால் ஏறக்குறையப் பாதி என்று கணக்கு. மடக்கைகளை வெறுக்கும் நண்பர்கள் மன்னிக்க. மடக்கை இங்கே உண்மையாகவே சோறு போடுகிறது. பெட்டியின் அருகில் −47, பின்னறையில் −81. வீட்டுப் பெட்டிகள் பொதுவாக வீசுவது 100 மில்லிவாட் அளவு, அதாவது +20. ஆகவே −80 என்றால் புறப்பட்டதில் ஆயிரம் கோடியில் ஒரு பங்குதான் வந்து சேர்கிறது. அந்தத் துளியைக்கூடக் கணிப்பொறி கேட்கிறது; ஆனால் தட்டுத் தடுமாறிக் கேட்கிறது. பெட்டியைக் கண்டுகொள்ளும், இணைய முடியாமல் விழும், மறுபடி முயலும்.

பீரோவை நகர்த்தலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். அது சாமி அறை வாசலைப் பார்த்து நிற்கிறதாம். முப்பது வருடமாக நின்ற இடமாம். எனவே பெட்டியை நகர்த்துவது என்று முடிவாயிற்று. ஒளியிழையை நாமே பிடித்து இழுக்கக் கூடாது. முழு அக எதிரொளிப்பில்தான் ஒளி அதற்குள் ஓடுகிறது. கூர்மையாக வளைத்தால் மாறுநிலைக் கோணம் தவறி ஒளி வெளியே ஒழுகிவிடும், இழை முறியவும் கூடும். கேபிள்காரப் பையனை மறுபடி அழைத்து, நடையின் உச்சியில், உத்தரத்துக்கு அடுத்தாற்போல மாட்டச் செய்தேன். அங்கிருந்து பீரோவின் தலைக்கு மேலாகப் பின்னறை தெரியும். இப்போது −62. வேறுபாடு 19 டெசிபெல். ஏறத்தாழ 80 மடங்கு ஆற்றல். புதிய பெட்டி வாங்கவில்லை, ஆன்டெனா வாங்கவில்லை, எட்டடி நகர்த்தியதுதான். பலர் வேகம் போதவில்லையென்று கூடுதல் பணம் கட்டுகிறார்கள். முதலில் பெட்டி எங்கே இருக்கிறதென்று பார்க்கலாம். பீரோ, நிலைக்கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றுக்குப் பின்னால் இருக்கலாகாது. தண்ணீர் இந்த அலைகளை உறிஞ்சும். மனித உடலிலும் பெரும்பகுதி தண்ணீர்தானே. பத்துப் பேர் கூடத்தில் உட்கார்ந்தாலே சில டெசிபெல் இறங்கும்.

இப்போது பெட்டிகளில் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையும் வருகிறது. அதில் வேகம் அதிகம், நெரிசல் குறைவு. ஆனால் சுவரைக் கடப்பதில் 2.4க்கு ஈடாகாது. எங்கள் பழைய பொறிகளுக்கு அது தெரியவும் தெரியாது. நெரிசலைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனல்லவா? எங்கள் பின்னறையிலிருந்து அக்கம்பக்கத்து வலைகள் ஏழு தெரிகின்றன. 2.4 அலைவரிசையை 13 தடங்களாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் தடத்தின் மையம் 2,412 மெகாஹெர்ட்ஸ், அடுத்தடுத்தது 5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி. ஆனால் ஒரு வலைக்கு வேண்டிய அகலமோ 20 மெகாஹெர்ட்ஸ். அதாவது நாலு முழம் அகலமுள்ள வண்டிகளுக்கு ஒரு முழ இடைவெளியில் பாதை போட்டிருக்கிறார்கள். ஒன்றையொன்று உரசாமல் போகவேண்டுமானால் 1, 6, 11 ஆகிய மூன்று தடங்கள்தாம் வழக்கமாகக் கொள்ளத்தக்கவை. ஏழு வலைகளில் ஐந்து முதல் தடத்தில் மொய்த்துக் கிடந்தன. நான் 11ஐத் தேர்ந்தேன்.

ஒரே தடத்தில் பலர் பேசினால் என்ன ஆகும்? இதற்கு விடை தேடியவர்கள் ஹவாய்த் தீவுகளில் இருந்தார்கள். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சனும் அவருடைய குழுவினரும் 1971இல் அலோஹாநெட் என்ற வலையை வானலையில் இயக்கினர். தீவுகளிலுள்ள நிலையங்கள் எல்லாம் ஒரே அலைவரிசையில் பேசும். இருவர் ஒருசேரப் பேசி மோதிக்கொண்டால் இருவரும் ஆளுக்கொரு தற்செயலான நேரம் காத்திருந்து மறுபடி பேச வேண்டும். இன்றைய வைஃபை அதனினும் சற்று நாகரிகமானது. பேசுமுன் வேறு யாரேனும் பேசுகிறார்களா என்று காது கொடுத்துக் கேட்கும். அடிப்படை அதுவே. அப்பாவுக்கு இதைத் தறியை வைத்துச் சொன்னேன். ஒரே நாடாதான் இங்கும் அங்கும் ஓடுகிறது. இரண்டு நாடாக்களை ஒரே சமயத்தில் விட்டால் மோதி நூல் அறும். இம்முறை அவர் நம்பினார். "அப்ப ஆளு கூடக் கூட மெதுவாத்தான போகும்?" என்றும் கேட்டார். ஆமாம், அதுதான் உண்மை.

இனி லினக்ஸில் மட்டும் வரும் இடர். மடிக்கணிப்பொறியில் டெபியன் ஏறிவிட்டது, ஆனால் வைஃபை தெரியவில்லை. ஒரு நாள் முழுவதும் கட்டளைகளைத் தேடித் தேடி அடித்தேன். 'ஆர்எஃப்கில்' என்று தட்டியபோது உண்மை வெளிப்பட்டது. வானலையை நிறுத்தும் தடை இரு வகை: நிரல் தடை, பொத்தான் தடை. இங்கே பொத்தானே அணைந்திருந்தது! அக்காவின் நான்கு வயது மகன் விசைப்பலகையில் விமானப் படம் போட்ட விசையை அழுத்தியிருக்கிறான். விமானம் பிடிக்குமாம். வேறெதையும் செய்யுமுன் அந்த விசையைப் பாருங்கள் என்பது என் பணிவான வேண்டுகோள்.

மேசைக் கணிப்பொறியின் கதை வேறு. அதற்கு வைஃபையே கிடையாது. 350 ரூபாய் கொடுத்துக் கட்டைவிரல் அளவுள்ள யூஎஸ்பி டாங்கிள் ஒன்று வாங்கினேன். 'எல்எஸ்யூஎஸ்பி' கட்டளை அதைக் கண்டது. ஆனால் அது வேலை செய்யவில்லை. காரணம், இத்தகைய சில்லுகளுக்கு இரண்டு பொருள்கள் வேண்டும். ஒன்று, கருவகத்திலுள்ள இயக்கி. மற்றொன்று, சில்லுக்குள்ளேயே ஓடும் ஒரு சிறு நிரல்; ஃபர்ம்வேர் என்பர். முன்னது லினக்ஸுடன் வந்துவிடும். பின்னது உற்பத்தியாளரின் உடைமை. அதன் மூலத்தை அவர் காட்டமாட்டார். கட்டற்ற மென்பொருளையே கொள்கையாகக் கொண்ட டெபியன், நெடுங்காலம் அதைத் தன் நிறுவல் தொகுப்பில் சேர்க்காமல் வெளியே நிறுத்தி வைத்திருந்தது. இணையம் வர ஃபர்ம்வேர் வேண்டும். ஃபர்ம்வேர் வர இணையம் வேண்டும்! 2022இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்கெடுப்பு நடத்தி அதைச் சேர்க்க முடிவு செய்தார்கள். 2023 ஜூனில் வந்த 12ஆம் பதிப்பு முதல் அது உடன் வருகிறது. நான் மூத்த மாணவர் ஒருவர் கொடுத்த பழைய 10ஆம் பதிப்பை வைத்துக்கொண்டு அல்லாடினேன். கொள்கைக்காக அவர்கள் அத்தனை ஆண்டு நின்றதை மதிக்கிறேன்; ஆனால் பின்னறையில் உட்கார்ந்திருந்த அந்த இரவில் மதிக்கவில்லை.

இவ்விடத்தில் ஒரு நல்ல தந்திரம். ஆண்ட்ராய்டு கைபேசியைச் சார்ஜர் கம்பியால் கணிப்பொறியோடு இணைத்து, அமைப்புகளில் யூஎஸ்பி டெதரிங் என்பதை இயக்கினால், லினக்ஸ் அதைக் கம்பி வலையாகவே எடுத்துக்கொள்ளும். தனி இயக்கி எதுவும் பெரும்பாலும் தேவைப்படாது. அதன் வழியே புதிய பதிப்பை இறக்கி மறுபடி நிறுவினேன். டாங்கிளில் பச்சை விளக்கு மினுங்கியது. வாங்குமுன் அந்தச் சில்லு லினக்ஸில் ஓடுமா என்று விசாரித்திருந்தால் இரண்டு நாள் மிச்சமாயிருக்கும். உறையின் மேல் எழுதியிருக்கும் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரே பெயரில், ஒரே உறையில், உள்ளே வெவ்வேறு சில்லு வைத்து விற்பது இத்தொழிலில் வழக்கமாம்.

அதன்பின் இணைப்பது எளிது. திரையின் மூலையிலுள்ள வலைப் படத்தைச் சொடுக்கி, நம் வலையின் பெயரைத் தேர்ந்து, கடவுச்சொல்லைத் தட்டினால் முடிந்தது. ஆனால் அதற்குமுன் பெட்டிக்குள் சென்று சில மாற்றங்கள் செய்ய வேண்டும். உலாவியில் 192.168.1.1 என்று தட்டினால் பெரும்பாலான பெட்டிகள் திறக்கும். இல்லையேல் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் முகவரி இருக்கும். பெட்டியின் நிர்வாகக் கடவுச்சொல்லும் அதே தாளில்தான். அதை முதலில் மாற்றுங்கள். வலையின் கடவுச்சொல் வேறு, இது வேறு. பூட்டு முறையில் டபிள்யூஇபி என்பது இருந்தால் தொடவே வேண்டாம். 2001லேயே அதன் ஓட்டையைக் கணிதப்படி காட்டிவிட்டார்கள். 2004இல் வந்த டபிள்யூபிஏ2 போதும். 2018இல் அறிவிக்கப்பட்ட டபிள்யூபிஏ3 பழைய கருவிகளுக்கு எட்டாது. கடவுச்சொல் எட்டு எழுத்துக்குக் குறையக்கூடாது. நான் இருபது வைத்திருக்கிறேன். அத்தனை எழுத்தா என்று வீட்டில் முணுமுணுத்தார்கள். ஒரு முறைதானே தட்ட வேண்டும்.

வலைக்குள் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் முகவரி உண்டு. உலகம் முழுமைக்குமான பழைய முகவரி முறையில் 32 இலக்க இருமஎண்கள்; ஆக மொத்தம் 429 கோடி முகவரிகளே. மக்கள் தொகைக்கே அது போதாது. எனவே 192.168 என்று தொடங்குவன போன்ற சில தொகுதிகளை வீட்டுக்குள் மட்டும் புழங்க 1996இல் ஒதுக்கிவிட்டார்கள். எங்கள் வீட்டிலும் 192.168.1.50 உண்டு, உங்கள் வீட்டிலும் இருக்கலாம். வெளியுலகுக்குப் பெட்டியின் முகவரி ஒன்றே தெரியும். நம் விடுதியைப் போல: கடிதம் விடுதி முகவரிக்கு வரும், காப்பாளர் பிரித்து அறைக்கு அனுப்புவார். பெட்டி தன்னிடம் வரும் கருவிகளுக்கு முகவரிகளைத் தானே வழங்குகிறது. இன்று 12 என்றால் நாளை 17 ஆகலாம். மேசைக் கணிப்பொறிக்கு மட்டும் நிலையான முகவரி வேண்டும், ஏனெனில் மற்றது அதைத் தேடிப் போகப் போகிறது. பெட்டிக்குள் அதன் வன்பொருள் எண்ணைக் குறித்து 50ஐ ஒதுக்கினேன். மடிக்கணிப்பொறியில் 'பிங்' என்று தட்டி அந்த முகவரியைக் கொடுத்தேன். பதில் வந்தது: 4 மில்லிநொடி. பதினைந்தாம் நாள் அது. கத்திவிட்டேன், குழந்தை விழித்து அழுதது.

இவ்வளவும் எதற்கு? இணையம் பார்க்கக் கைபேசியே போதுமே என்று கேட்கலாம். எனக்கு வேண்டியது இணையமன்று. அக்காவின் குறிப்புகள் ஒவ்வோர் இரவும் வேறொரு வட்டில் தாமாகச் சென்று படுக்க வேண்டும். அதற்கு இரண்டு நிரல்கள். முதலாவது எஸ்எஸ்எச். ஹெல்சின்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கடவுச்சொற்கள் திருடப்பட்டதை அடுத்து, 1995இல் டாட்டு யூலோனென் எழுதியது. ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றுக்குள் மறைகுறியீட்டுடன் நுழைய உதவும். இரண்டு சாவிகள் உண்டாக்கி, ஒன்றை மடிக்கணிப்பொறியிலேயே இரகசியமாக வைத்து, அதன் இணையை மேசைக் கணிப்பொறியில் பதித்தால், கடவுச்சொல் கேட்காமல் கதவு திறக்கும். இரண்டாவது ஆர்சிங்க். ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கெராஸ் ஆகிய இருவரும் ஆஸ்திரேலியாவில் 1996இல் வெளியிட்டது. இதன் அழகு யாதெனில், முழுக் கோப்பையும் அனுப்பாது. இரு பக்கமும் கோப்பைத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் கணக்கிட்டு ஒப்பிட்டு, மாறிய பகுதியை மட்டும் அனுப்பும். அக்கா ஒரு பக்கம் சேர்த்தால் ஏறக்குறைய அந்த ஒரு பக்கம்தான் காற்றில் பறக்கிறது.

எங்கள் வலையில் இது முக்கியம். மடிக்கணிப்பொறி பெட்டிக்குச் சொல்ல, பெட்டி மேசைக் கணிப்பொறிக்குச் சொல்ல, ஒவ்வொரு துணுக்கும் காற்றில் இரண்டு முறை போகிறது. நாடா ஒன்றுதான் என்றேனே, ஆகவே வேகம் பாதி. மேசைக் கணிப்பொறியைப் பெட்டியோடு கம்பியில் இணைத்தால் இக்குறை தீரும். நகராத பொருளுக்குக் கம்பி கொடுப்பதே முறை. நடையில் கம்பி இழுக்க அம்மா விடவில்லை.

ஆர்சிங்கில் ஓர் ஆபத்தும் உண்டு. மூலத்தில் அழித்ததை நகலிலும் அழிக்கும் விருப்பம் ஒன்று இருக்கிறது. அதை இயக்கினால், தவறி அழித்த கோப்பு இரவு 9.30க்கு நகலிலும் அழிந்துவிடும். நான் அதை இயக்கவில்லை. மேலும் ஞாயிறுதோறும் தேதியிட்ட தனி உறையில் ஒரு முழு நகல் எடுக்கச் செய்திருக்கிறேன். வாரம் ஒரு முறை அவற்றில் ஏதேனும் ஒன்றைத் திறந்து படித்தும் பார்க்கிறேன். திறந்து பார்க்காத நகலை நான் இனி நகல் என்று ஒப்புக்கொள்வதில்லை.

'கிரான்' என்னும் காலக்காவலன் தினமும் இரவு 9.30க்கு இவ்வேலையைத் தொடங்கி வைக்கிறது. அக்கா விட்டுப்போன பக்கங்களைப் புத்தகத்திலிருந்து மறுபடி தட்டச்சு செய்து வருகிறார். நேற்றோடு 97 பக்கம். 9.30 ஆனதும் டாங்கிளின் பச்சை விளக்கு விரைவாக மினுங்கும். சில நொடிகளில் அடங்கிவிடும். "போயிருச்சாடா?" என்று கேட்பார். "போயிருச்சுக்கா" என்பேன். பிறகுதான் மடிக்கணிப்பொறியை மூடிவிட்டு, தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புகிறார்.